புகையில் வெந்த ரிப்ஸை மறுநாள் சூடாக்கும்போது ஈரமும் மென்மையும் குறையாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: பிளேனோவாசி

அனைவருக்கும் வணக்கம். டெக்சாஸில், டாலஸ் நகருக்கு வடக்கே குடியிருக்கிறோம். வரும் ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் வீட்டில் விருந்து. பிரிஸ்கெட்டை (மாட்டின் மார்புப் பகுதி இறைச்சி) ஒரு நண்பர் ஏற்றுக்கொண்டுவிட்டார்; பன்றி ரிப்ஸ், அதாவது விலா எலும்போடு கூடிய இறைச்சி, என் பொறுப்பு. செயின்ட் லூயிஸ் வெட்டில் (மார்பெலும்பு நீக்கிச் செவ்வகமாக வெட்டியது) நான்கு முழு ரேக், அதாவது விலா எலும்புகள் வரிசையாக இணைந்த நான்கு முழுத் துண்டுகள், வாங்கி வைத்திருக்கிறேன். என்னிடம் இருப்பது விறகு போட்டு எரிக்கும் சாதாரண ஸ்மோக்கர். அதில் 225 டிகிரி ஃபாரன்ஹீட்டில் (சுமார் 107 டிகிரி செல்சியஸ்) ரிப்ஸ் வெந்து முடிய ஏறக்குறைய ஆறு மணி நேரம் பிடிக்கும். பன்னிரண்டரை மணிக்குப் பரிமாற வேண்டுமென்றால் விடியும் முன்பே நெருப்பு மூட்டியாக வேண்டும். அன்று காலை அடுப்படியில் வேறு வேலைகளும் இருப்பதால், சனிக்கிழமையே புகையில் வேகவைத்து, ஞாயிறன்று ஓவனில் சூடாக்கிப் பரிமாறலாம் என்று எண்ணுகிறேன்.

தயக்கம் என்னவென்றால், மறுநாள் சூடாக்கிய ரிப்ஸைப் பல வீடுகளில் உண்டிருக்கிறேன்; மனத்துக்கு நிறைவாக இருந்தது குறைவு. சில இடங்களில் ஓரங்கள் தோல்போல் விறைத்து, சாஸ் கருகி, எலும்பை ஒட்டிய பகுதி மட்டும் சில்லென்று இருந்தது. வேறு சில இடங்களில் பாத்திரம் நிறையச் சாறு ஊற்றி மூடி வைத்ததால், மேலே இருந்த மசாலாப் பொருக்கு முழுவதும் கரைந்து, இறைச்சி வேகவைத்த கூழாக எலும்பிலிருந்து வழிந்தது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழி ஒன்று இருக்கத்தான் வேண்டும். ஓவன் எத்தனை டிகிரியில் இருக்க வேண்டும், எவ்வளவு நேரம் வைக்க வேண்டும், சாஸை முன்பே தடவுவதா பிறகு தடவுவதா, முழு ரேக்காக வைப்பதா வெட்டி வைப்பதா என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். விருந்தில் குழந்தைகளும் முதியவர்களும் இருப்பார்கள் என்பதால், உணவுப் பாதுகாப்பு குறித்தும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

பதில் 1: கன்சாஸ் சிட்டி அடுப்பு

வணக்கம். உங்கள் திட்டம் நல்ல திட்டம்தான். முறையாகச் செய்தால் மறுநாள் ரிப்ஸ் அன்றைக்கே இறக்கியதற்கு மிக அருகில் வந்துவிடும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஓவனில் நீங்கள் செய்யப்போவதைவிட, சனிக்கிழமை மாலை ஸ்மோக்கரிலிருந்து இறக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் செய்வதுதான் இறைச்சியின் ஈரத்தைத் தீர்மானிக்கிறது என்பது என் உறுதியான கருத்து. ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் ரிப்ஸ் ஏன் மென்மையாகிறது என்பதைப் பார்த்துவிடுவோம். விலாப்பகுதியின் தசைநார்களைக் கட்டிப்பிடித்திருக்கும் கொலாஜன் என்ற புரதம், 160 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் (71 செல்சியஸ்) தாண்டிய பிறகு மெல்ல மெல்ல ஜெலட்டினாக மாறுகிறது. ரிப்ஸ் முழுமையாகப் பதம் வருவது 195 முதல் 203 டிகிரிக்குள் (90 முதல் 95 செல்சியஸ்). அந்த வெப்பத்தில் தசையிலிருந்த தண்ணீரில் பெரும்பகுதி ஏற்கெனவே வெளியேறிவிட்டிருக்கும். அப்படியிருந்தும் வாயில் சாறு ஊறுவதுபோல் இருப்பதற்குக் காரணம், நார்களுக்கிடையே தங்கியிருக்கும் ஜெலட்டினும் உருகிய கொழுப்பும்தான். ஃப்ரிட்ஜில் வைத்த ஆட்டுக்கால் பாயா மறுநாள் கட்டியாக உறைந்து, அடுப்பில் வைத்ததும் மீண்டும் குழம்பாகிறதே, அதேதான் இங்கேயும் நடக்கிறது. குளிர்ந்த ரிப்ஸ் விறைப்பாக இருப்பது அது காய்ந்துவிட்டதால் அல்ல. ஜெலட்டினும் கொழுப்பும் உறைந்திருப்பதால். அவை இரண்டும் நம் உடல் வெப்பத்தை ஒட்டிய சூட்டிலேயே இளகத் தொடங்கிவிடும். ஆகவே ஞாயிறன்று உங்கள் வேலை இறைச்சியை மறுபடியும் சமைப்பதல்ல. எஞ்சியிருக்கும் தண்ணீர் ஆவியாகிப் போகாதபடி, சூட்டை மட்டும் உள்ளே கொண்டுபோய்ச் சேர்ப்பது.

இதிலிருந்து வரும் முதல் அறிவுரை: சனிக்கிழமை ரிப்ஸைக் கடைசிப் பதம் வரை கொண்டுபோக வேண்டாம். இடுக்கியால் ரேக்கின் ஒரு முனையிலிருந்து மூன்றில் ஒரு பங்கைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். தொங்கும் பகுதி வளைந்து, மேற்பரப்பில் மெல்லிய வெடிப்பு விழத் தொடங்கும் நேரமே உங்களுக்குரிய நேரம். அன்றே பரிமாறுவதாக இருந்தால் வெடிப்பு இன்னும் நன்றாக விரியும் வரை காத்திருக்கலாம். மறுநாளுக்கென்றால் 190 டிகிரியைக் கடந்து 195ஐத் தொடும்போதே இறக்கிவிடுங்கள். ஓவனில் கிடைக்கும் கூடுதல் சூடு மீதியைப் பார்த்துக்கொள்ளும். கன்சாஸ் சிட்டி பார்பிக்யூ சொசைட்டியின் போட்டிகளில் நடுவர்கள் எதிர்பார்ப்பது, கடித்த இடத்தில் மட்டும் இறைச்சி சுத்தமாக எலும்பை விட்டு வர வேண்டும், மற்ற பகுதி எலும்போடு ஒட்டியே நிற்க வேண்டும் என்பதை. தானாகக் கழன்று விழுந்தால் அது அளவுக்கு மீறி வெந்துவிட்டது என்று பொருள். முதல் நாளே அந்த நிலைக்குப் போய்விட்ட ரிப்ஸை மறுநாள் எந்த முறையில் சூடாக்கினாலும் கூழாகத்தான் ஆகும். நீங்கள் சில வீடுகளில் உண்டதாகச் சொல்லும் கூழுக்கு அதிகச் சாறோடு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இரண்டாவது, நீங்கள் 3-2-1 முறையைப் பின்பற்றுபவராக இருந்தால், அதாவது மூன்று மணி நேரம் புகையிலும், இரண்டு மணி நேரம் அலுமினியத் தாளில் சுற்றியும், கடைசி ஒரு மணி நேரம் சுற்றாமலும் வைப்பவராக இருந்தால், தாளைப் பிரிக்கும்போது அடியில் தேங்கியிருக்கும் சாற்றைத் தயவுசெய்து கொட்டிவிடாதீர்கள். ஒரு கிண்ணத்தில் வடித்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். காலையில் பார்த்தால் மேலே வெள்ளையாக ஒரு விரல் கனத்துக்குக் கொழுப்பு படிந்திருக்கும். அதைக் கரண்டியால் நெம்பி எடுத்தால் கீழே செம்பழுப்பு நிறத்தில், தொட்டால் நடுங்கும் பாகு இருக்கும். அது முழுவதும் ஜெலட்டினும், புகையும், மசாலாவும், உப்பும்தான். மறுநாள் சூடாக்கும்போது ஊற்றுவதற்கு இதற்கு இணையான நீர்மம் கடையில் கிடைக்காது. ஆப்பிள் ஜூஸ் ஊற்றுவது இங்கே பரவலான வழக்கம். பாகு போதவில்லை என்றால் ஆப்பிள் ஜூஸோடு சிறிது ஆப்பிள் சைடர் வினிகர் கலந்து ஈடுசெய்யலாம்.

இறக்கியதும் சாஸ் தடவ வேண்டாம், எலும்பெலும்பாக வெட்டவும் வேண்டாம். வெட்டிய ஒவ்வொரு முகமும் ஈரம் வெளியேறும் வாசல். ஃப்ரிட்ஜில் இடமில்லை என்றால் ரேக்கைப் பாதியாக மட்டும் வெட்டிக்கொள்ளலாம். பத்துப் பதினைந்து நிமிடம் திறந்து வைத்து ஆவி அடங்கியதும், பிளாஸ்டிக் உறையால் காற்று புகாமல் இறுகச் சுற்றி, அதன்மேல் அலுமினியத் தாளைச் சுற்றி, ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல் பரப்பி ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

ஞாயிறு காலை ஓவனை 250 டிகிரிக்கு (சுமார் 120 செல்சியஸ்) சூடாக்குங்கள். பிளாஸ்டிக் உறையை மறவாமல் நீக்கிவிட்டு, ஒவ்வொரு ரேக்கையும் கனமான அலுமினியத் தாளில், இறைச்சிப் பக்கம் மேலாக இருக்கும்படி வைத்து, பக்கவாட்டில் இரண்டு அல்லது மூன்று மேசைக்கரண்டிப் பாகை விடுங்கள். மேலே ஊற்றினால் பொருக்கு கரையும். தாளின் விளிம்புகளை இரண்டு முறை மடித்து ஆவி தப்பாதபடி மூடுங்கள். ஒரு ரேக்குக்கு முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். நான்கையும் சேர்த்து வைத்தால் கூடுதலாகக் கால் மணி நேரம் ஒதுக்குங்கள். நடுவில் ஒருமுறை மேல் தட்டையும் கீழ்த் தட்டையும் இடம் மாற்றுங்கள். இரண்டு எலும்புகளுக்கு நடுவே தடித்த இடத்தில், எலும்பைத் தொடாமல் தெர்மாமீட்டரைக் குத்தி, 165 டிகிரி (74 செல்சியஸ்) வந்ததும் எடுத்துவிடுங்கள். தாளைப் பிரித்து, சாஸை மெல்லியதாகத் தடவி, ஓவனின் மேல்புறச் சூட்டில் இரண்டு அல்லது மூன்று நிமிடம் காட்டினால் சாஸ் பளபளப்பாக ஒட்டிக்கொள்ளும். எங்கள் ஊர்ச் சாஸ் தக்காளியும் மொலாசஸும் சேர்ந்தது, சர்க்கரை மிகுதி. அதனால்தான் அதை முன்பே தடவினால் கருகுகிறது. இந்தக் கடைசி நிமிடங்களில் ஓவன் கதவருகிலிருந்து நகராதீர்கள்.

பதில் 2: ஹூஸ்டன் வாசகி

மேலே உள்ள பதிலோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். வெந்நீர்த் தொட்டியில் வைத்துச் சமைக்கும் சூ வீட் கருவியும், காற்றை உறிஞ்சி உறையிடும் கருவியும் உங்களிடம் இருந்தால், மறுசூட்டுக்கு அதைவிட நிதானமான வழி இல்லை என்பதைச் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். குளிர்ந்த ரிப்ஸைப் பாதி ரேக்காக உறையிட்டு, 165 டிகிரி நீரில் ஒரு மணி நேரம் வைத்தால், நீரின் வெப்பத்தைத் தாண்டி இறைச்சி சூடாகவே முடியாது. விருந்தினர் அரை மணி தாமதமாக வந்தாலும் கெட்டுப்போவதில்லை. ஈரமும் உறைக்குள்ளேயே நிற்கும்.

இதில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. வெட்டிய எலும்பு முனைகள் கூர்மையானவை, உறையைக் குத்திவிடும். ஆகவே முனைகளில் பேக்கிங் தாளை மடித்து வைத்துவிட்டோ, இரண்டு உறைகள் போட்டோ அடைக்க வேண்டும். சூடாக இருக்கும்போதே காற்றை உறிஞ்ச முயன்றால் சாறு கருவிக்குள் போய்விடும். முழுவதும் குளிர்ந்த பிறகே அடைக்க வேண்டும். உறையிலிருந்து எடுக்கும் ரிப்ஸ் மேலே ஈரமாக, வெளிறித் தோன்றும். காகிதத் துண்டால் மெல்ல ஒற்றியெடுத்து, கனன்றுகொண்டிருக்கும் கரியடுப்பில் இருபுறமும் ஓரிரு நிமிடம் காட்டினால் நிறமும் பொருக்கும் திரும்பிவிடும். அந்த ஒற்றியெடுக்கும் வேலையைத் தவிர்த்தால் பொருக்கு பிடிக்காது.

பிளேனோவாசி

இருவருக்கும் நன்றி. பாகைச் சேமிக்கும் யோசனை எனக்குப் புதியது, கட்டாயம் செய்யப்போகிறேன். சூ வீட் கருவி என்னிடம் இல்லை, எனவே ஓவன்தான். இரண்டு ஐயங்கள் எஞ்சியிருக்கின்றன. சமைத்த இறைச்சியைக் குளிரவைத்துச் சூடாக்கும்போது வரும் ஒருவித சிக்கு வாடையைத் தவிர்க்க வழி உண்டா? மேலும், அமெரிக்க வேளாண்மைத் துறையின் குறிப்பில், மிஞ்சிய உணவை ஓவனில் சூடாக்க 325 டிகிரிக்குக் குறையக் கூடாது என்று படித்ததாக நினைவு. அப்படியானால் 250 டிகிரி பாதுகாப்பானதுதானா?

பதில் 3: நுண்ணுயிரியல் படித்தவள்

உங்கள் நினைவு சரியே. வேளாண்மைத் துறை மறுசூட்டுக்கு 325 டிகிரிக்கு (163 செல்சியஸ்) குறையாத ஓவனைத்தான் பரிந்துரைக்கிறது. உள்வெப்பம் 165ஐத் தொட வேண்டும் என்பதும் அதன் குறிப்பே. அந்தப் பரிந்துரையின் நோக்கம், 40 முதல் 140 டிகிரி வரையிலான (4 முதல் 60 செல்சியஸ்) ஆபத்தான எல்லையில் உணவு நீண்ட நேரம் தங்கிவிடக் கூடாது என்பது. பெரிய பாத்திரம் நிறைய உணவை மெல்ல மெல்லச் சூடாக்கினால் அந்த எல்லையைக் கடக்கப் பல மணி நேரமாகும். மெதுவாகச் சமைக்கும் மின்பாத்திரத்தில் மிஞ்சிய உணவைச் சூடாக்கக் கூடாது என்று அவர்கள் சொல்வதும் இதனால்தான்.

குழந்தைகளும் முதியவர்களும் உண்ணும் விருந்து என்பதால் நான் 325 டிகிரியையே பரிந்துரைப்பேன். ஈரம் போய்விடுமோ என்று அஞ்ச வேண்டாம். தாள் நன்றாக மூடியிருந்து உள்ளே நீர்மம் இருக்கும் வரை, பொட்டலத்துக்குள் இருக்கும் ஆவியின் சூடு நீரின் கொதிநிலையான 212 டிகிரியைத் தாண்டாது. ஓவன் எத்தனை டிகிரி என்பது வேகத்தை மாற்றுமே தவிர, இறைச்சியை நேரடியாக உலர்த்திவிடாது. உலர்த்துவது இரண்டு விஷயங்கள்: ஒழுங்காக மூடாத மடிப்பு, தேவைக்கு மேல் ஓவனில் விட்டுவைப்பது. 325 டிகிரியில் வைத்தால் இருபத்தைந்தாவது நிமிடத்திலிருந்தே தெர்மாமீட்டரால் பார்க்கத் தொடங்க வேண்டும். 250 டிகிரி கொடுக்கும் தாராளமான கால அவகாசம் இங்கே கிடைக்காது. அது ஒன்றுதான் வேறுபாடு.

ஆனால் உண்மையில் கவலைப்பட வேண்டியது சூடாக்குவதைப் பற்றியல்ல, சனிக்கிழமை ஆறவைப்பதைப் பற்றி. குளோஸ்டிரிடியம் பெர்ஃபிரின்ஜென்ஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் சமைக்கும் சூட்டிலும் பிழைத்துக்கொள்ளும். இறைச்சி மெல்ல ஆறும்போது, குறிப்பாக 43 முதல் 47 செல்சியஸ் அளவிலான வெதுவெதுப்பில், அவை முளைத்து மிக விரைவாகப் பெருகும். சமைத்த உணவு இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குப் போய்விட வேண்டும் என்பது பொது விதி. வெளியே 90 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் வெயில் அடித்தால் ஒரு மணி நேரம்தான். டெக்சாஸ் கோடையில் கொல்லைப்புற மேசையில் ரிப்ஸை ஆறவிட்டு அரட்டையில் அமர்ந்துவிட்டால் அந்த ஒரு மணி நேரம் எளிதாகக் கடந்துவிடும். ஆவி அடங்கியதும் வீட்டுக்குள் கொண்டுவந்து, ரேக்குகளைத் தனித்தனியாகப் பரப்பி ஃப்ரிட்ஜில் வையுங்கள். நான்கையும் சுடச்சுட ஒரே பொட்டலமாகக் கட்டினால் நடுவில் இருப்பது இரவு வெகுநேரம் வரை வெதுவெதுப்பாகவே கிடக்கும். பாகையும் ஆழமில்லாத கிண்ணத்தில் ஊற்றி உடனே குளிரவையுங்கள். காலையில் பயன்படுத்தும்போது அதையும் ஒரு கொதி விட்டு ஊற்றுங்கள்.

நீங்கள் கேட்ட வாடை குறித்து: சமைத்த இறைச்சியில் உள்ள கொழுப்புகள், சிறப்பாகச் செல்சவ்வுகளில் உள்ள பாஸ்போலிப்பிடுகள், காற்றோடு வினைபுரிந்து கெடுவதால் அது உண்டாகிறது. தசைக்கு நிறம் தரும் மயோகுளோபினிலிருந்து சமைக்கும்போது விடுபடும் இரும்பு இந்த வினையைத் தூண்டிவிடுகிறது. உணவறிவியலில் 1958ஆம் ஆண்டிலேயே இதற்குப் பெயரிட்டு ஆராயத் தொடங்கிவிட்டார்கள். புகையில் வெந்த இறைச்சிக்கு இங்கே ஓர் இயற்கையான அனுகூலம் உண்டு. புகையிலுள்ள ஃபீனால் சேர்மங்கள் இந்த ஆக்சிஜனேற்றத்தைத் தடுப்பவை. எஞ்சியதைக் காற்றுப்படாமல் இறுகச் சுற்றுவதன் மூலம் நீங்கள் செய்யலாம். ஒரே இரவு என்பதால் வாடை பெரிதாக வராது. மூன்று நான்கு நாள்களுக்கு மேல் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டாம்.

இன்னொன்று. சூடாக்கிய பிறகும் பொருக்குக்குக் கீழே இளஞ்சிவப்பாக ஒரு வளையம் தெரியும். வேகவில்லையோ என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்கக்கூடும். விறகுப் புகையிலுள்ள நைட்ரிக் ஆக்சைடும் கார்பன் மோனாக்சைடும் மயோகுளோபினோடு சேர்ந்து அந்த நிறத்தை நிலைநிறுத்திவிடுகின்றன. மீண்டும் எவ்வளவு சூடாக்கினாலும் அது போகாது. போக வேண்டும் என்று எண்ணிக் கூடுதல் நேரம் ஓவனில் வைத்துவிடாதீர்கள்.

கன்சாஸ் சிட்டி அடுப்பு

பாதுகாப்பு குறித்துச் சகோதரி சொன்னது முழுவதும் ஏற்கத்தக்கது. ஆறவைப்பது பற்றிய பகுதியை எல்லோரும் கவனமாகப் படிக்க வேண்டும். ஓவன் வெப்பத்தில் மட்டும் ஒரு நடைமுறைச் சிக்கலைச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். செயின்ட் லூயிஸ் வெட்டில் மார்பெலும்பும் குருத்தெலும்பும் நீக்கப்பட்டு ரேக் செவ்வகமாக இருந்தாலும், ஒரு முனை மற்றதைவிட மெலிந்தே இருக்கும். 325 டிகிரியில் தடித்த முனை 165ஐத் தொடும் நேரத்தில் மெலிந்த முனை அதைவிட வெகுவாகக் கூடிவிடும். 250இல் அந்த இடைவெளி குறைவு. 325 டிகிரியைத் தேர்ந்தெடுத்தால், மெலிந்த முனையில் தாளை இன்னொரு மடிப்பு கூட்டிச் சுற்றி, ஓவனின் கதவுப் பக்கம் அது வரும்படி வையுங்கள். பெரும்பாலான ஓவன்களில் கதவுப் பக்கம் சூடு சற்றுக் குறைவு. ஒற்றை ரேக்காகப் பரப்பி வைக்கும் ரிப்ஸ் ஓர் அங்குலக் கனத்தை ஒட்டியதுதான் என்பதால், 250இலும் அது ஆபத்தான எல்லையை விரைவாகவே கடக்கிறது என்பது என் கருத்து. முடிவு உங்களுடையது. எதைத் தேர்ந்தெடுத்தாலும் தெர்மாமீட்டர் இல்லாமல் செய்ய வேண்டாம்.

பதில் 4: மெம்பிஸ் விறகு

சாஸ் தடவும் வழக்கத்தையே எல்லோரும் பேசுவதால், சாஸ் இல்லாத ரிப்ஸின் சார்பில் சில வார்த்தைகள். மெம்பிஸில் மசாலாப் பொடியை மட்டும் நம்பும் மரபு ஒன்று உண்டு. 1948இல் தொடங்கிய ராண்டேவூ உணவகம் அந்த மரபுக்குப் பேர்போனது. இவ்வகை ரிப்ஸில் சுவை முழுவதும் மேல்பொருக்கில்தான் இருக்கிறது. மறுசூட்டில் முதலில் பலியாவதும் அதுவே. மூடிய தாளுக்குள் எழும் ஆவி பொருக்கை நனைத்து இளக்கிவிடும். அது தவிர்க்க முடியாதது. ஆகவே அதைத் தடுக்கப் பார்ப்பதைவிடக் கடைசியில் திரும்பக் கட்டுவதே நல்லது.

நான் செய்வது இது. உள்வெப்பம் 150 டிகிரியை நெருங்கும்போதே தாளைத் திறந்துவிடுகிறேன். மேற்பரப்பில் நின்ற ஈரத்தை வினிகரில் லேசாக நனைத்த தூரிகையால் வழித்துவிட்டு, முதல் நாள் தடவிய அதே மசாலாப் பொடியில் சர்க்கரை சேர்க்காத ஒரு பங்கை மெலிதாகத் தூவி, ஓவனை 400 டிகிரிக்கு ஏற்றிப் பத்து நிமிடம் திறந்தபடி வைக்கிறேன். வினிகரின் ஈரத்தில் புதிய பொடி பழைய பொருக்கோடு ஒட்டி, உலர்ந்து, விரலால் தட்டினால் மெல்லிய ஓசை தரும் அளவுக்கு இறுகிவிடும். அதற்குள் உள்வெப்பமும் 165ஐத் தொட்டுவிடும். தொடவில்லையென்றால் இன்னும் சில நிமிடம். உப்பை மட்டும் புதிய பொடியில் குறைத்துக்கொள்ளுங்கள், முதல் நாளே இறைச்சியில் போதிய உப்பு ஏறியிருக்கும். மிளகு, மிளகாய்த்தூள், பூண்டுத்தூள், சிறிது சீரகம் போதும்.

எலும்புப் பக்கத்து ஜவ்வைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அதைச் சமைக்கும் முன்பே உரித்தெடுத்திருக்க வேண்டும். விட்டுவிட்டால் மறுசூட்டில் அது சுருங்கி, ரேக்கையே வில்லாக வளைத்துவிடும், பல்லிலும் சிக்கும். எலும்புக்கும் ஜவ்வுக்கும் நடுவே கத்தியின் மழுங்கிய முனையைச் செருகிக் கிளப்பி, காகிதத் துண்டால் பிடித்து இழுத்தால் பெரும்பாலும் ஒரே இழுப்பில் வந்துவிடும். வெறும் விரலில் அது வழுக்கும்.

பிளேனோவாசி

ஜவ்வை நினைவூட்டியதற்கு நன்றி. நாளை இரவே உரித்து மசாலா தடவிவிடுகிறேன். எல்லாவற்றையும் படித்தபின் இவ்வாறு முடிவு செய்திருக்கிறேன். இரண்டு ரேக்கைக் கன்சாஸ் சிட்டி முறையில் சாஸோடும், இரண்டை மெம்பிஸ் முறையில் பொடியோடும் பரிமாறப்போகிறேன். முதியவர்கள் இருப்பதால் ஓவன் 325 டிகிரிதான். மெலிந்த முனைக்குக் கூடுதல் தாள் சுற்றிவிடுகிறேன். பதினொன்றரைக்கு உள்ளே வைத்தால் மேல்பொருக்குக்கும் நேரம் கிடைக்கும் என்று நினைக்கிறேன். விருந்துக்குப் பின் சில எலும்புகள் மிஞ்சினால் அவற்றை மைக்ரோவேவில் சூடாக்கலாமா? மறுபடியும் மறுபடியும் ஓவன் மூட்ட மனம் வராது.

பதில் 5: ஹூஸ்டன் வாசகி

பதினொன்றரை சரியான நேரம். ஆனால் ஓவனைப் பதினொன்றேகாலுக்கே மூட்டி, முழுச் சூடு ஏறிய பிறகு வையுங்கள். சாஸ் ரேக்குகளை முதலில் வெளியே எடுத்து மூடியபடியே வைத்துவிட்டு, பொடி ரேக்குகளுக்கு 400 டிகிரிப் பத்து நிமிடத்தை முடித்துக்கொண்டு, கடைசியாக மேல்புறச் சூட்டில் சாஸ் ரேக்குகளைக் காட்டினால் எல்லாம் ஒன்றாக மேசைக்கு வரும். மூடிய பொட்டலம் அந்த நேரத்துக்குள் ஆறிவிடாது. எலும்பெலும்பாக வெட்டுவதைப் பரிமாறும் தட்டு வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ரேக்கைத் திருப்பி எலும்புப் பக்கம் மேலே வருமாறு வைத்தால் எலும்புகளின் போக்கு தெளிவாகத் தெரியும்; கத்தி தடுமாறாது.

மிஞ்சும் சில எலும்புகளுக்கு மைக்ரோவேவ் போதும். முழு ஆற்றலில் வைக்க வேண்டாம். அதில் ஓரங்கள் கொதித்து ரப்பராகும் நேரத்தில் நடுப்பகுதி குளிர்ந்தே இருக்கும். ஆற்றலைப் பாதியாகக் குறைத்து, தட்டில் எலும்புகளை இடைவெளி விட்டு அடுக்கி, எஞ்சிய பாகில் ஒரு கரண்டி விட்டு, நனைத்துப் பிழிந்த காகிதத் துண்டால் மூடி ஒரு நிமிடம் வையுங்கள். திருப்பிப் போட்டு இன்னொரு நிமிடம். பிறகு மூடியபடியே ஒரு நிமிடம் விட்டால் சூடு உள்ளே பரவிச் சமமாகும். முதல் நாள் சுற்றிய அலுமினியத் தாளின் துணுக்கு எதுவும் ஒட்டியிருக்கவில்லை என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒருமுறை சூடாக்கியதை மறுபடி குளிரவைத்துச் சூடாக்கும்போது ஒவ்வொரு சுற்றிலும் ஈரம் குறையும் என்பதால், விருந்தன்று நான்கு ரேக்கையும் ஒரே நேரத்தில் ஓவனில் ஏற்ற வேண்டிய அவசியமில்லை. மூன்றை ஏற்றிவிட்டு, நான்காவதைத் தேவை தெரிந்த பிறகு ஏற்றுங்கள். தேவைப்படாவிட்டால் இறுகச் சுற்றிய அந்த ரேக் அப்படியே ஃப்ரீசருக்குப் போகலாம்; இரண்டு மூன்று மாதம் வரை சுவை நன்றாகவே இருக்கும். பிறகு எடுக்கும்போது முதல் நாள் இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த் தட்டுக்கு மாற்றி உறைநிலை நீங்கவிட்டு, இதே முறையில் சூடாக்கிக்கொள்ளுங்கள்.